ஏழாம் விதி

ஜூலை 31, வியாழன்

முதலாளி இன்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். செப்டம்பர் முப்பதோடு எனக்கு ஓய்வு. விழா எடுக்கப் போகிறாராம். சால்வை, சந்தன மாலை, ஆளுயரக் கடிகாரம். முப்பத்தோரு வருஷமாகப் பதினொன்றரை மணிக்குள் பக்கம் முடித்து, இரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் ‘தென்னொலி, தென்னொலி’ என்று மாலைப் பேப்பர் விற்கும் சத்தத்தைக் கேட்டவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கடைவாய்ப் பல் வலி வேறு.

எனக்குப் பிறகு சவரிராயன் ஆசிரியர். பதினெட்டு வருஷமாக என் எதிர் மேசையில் உட்கார்ந்து செய்தி திருத்துகிறவன். சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்ய மாட்டான். சுவரில் ஒட்டியிருக்கும் நடை விதிகள் மஞ்சளாகிவிட்டன, புதிதாகத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டான், அப்போதே செய்து கொடுத்தேன். மொத்தம் பதினான்கு விதிகள். எல்லாம் நான் எழுதியவை. ‘அருகில்’ என்று எழுது, ‘அருகாமையில்’ என்று எழுதாதே என்று தொடங்கும். திருத்தம் எப்போதும் இரண்டாம் பக்கம், கீழே, ஒரு பத்தி அகலம், பெட்டிக்குள், ஆசிரியர் பொறுப்பு என்று முடியும்.

ஏழாவது இது: சாதிப் பெயர் எழுதக் கூடாது. ஊர்த் தகராறு எதுவானாலும் ‘இரு தரப்பினர் மோதல்’ என்றே எழுதவும்.

அதை நான் விளையாட்டாக எழுதவில்லை. இருபத்துநாலு வருஷத்துக்கு முன், உதவி ஆசிரியனாக இருந்தபோது, ஒரு கொலைச் செய்திக்குச் சாதிப் பெயரைப் போட்டு எட்டுப் பத்தித் தலைப்பு வைத்தேன். மறுநாள் காலை ஒரு பேருந்தை மறித்துப் பயணிகளிடம் ஊரும் பேரும் கேட்டார்கள். இரண்டு பேரை இறக்கிச் சாலையிலேயே வெட்டினார்கள். மறித்தவர்களில் ஒருவன் இடுப்பில் என் தலைப்பை மடித்துச் செருகியிருந்தான். போலீஸ்காரர் அதை ரத்தத்தோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அன்றைக்கு எழுதியதுதான் ஏழாம் விதி. அதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று கணக்கெடுக்க வழியில்லை. பிழைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பல் டாக்டர் பிடுங்க வேண்டும் என்கிறார். ஓய்வுக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கருங்காட்டு நிருபர் ஞானதிரவியம் தொலைபேசியில் ஒரு சின்னச் செய்தி கொடுத்தான். அம்மன் கோயில் கொடை விழாவை ஒட்டி நடந்த கபடிப் போட்டியில் கீழத்தெரு அணி மேலத்தெரு அணியை வென்று கோப்பையைக் கொண்டுபோனது. மேளத்தோடு மேலத்தெரு வழியாக வந்தார்கள். கல் விழுந்தது. மேளக்காரர் மண்டை உடைந்தது.

நாளைய இதழுக்கு நாலு வரி என்று குறித்தேன். மேளக்காரர் மண்டையை வெட்டிவிட்டேன். இருப்பதைக் கிளறக் கூடாது.

கருங்காடு என் மனைவி ஆவுடையின் பிறந்த ஊர். மேலத்தெரு. அவள் தம்பி பேச்சிமுத்து அங்கேதான் இருக்கிறான். மேலத்தெரு அணிக்கு அவன்தான் பயிற்சி கொடுத்தானாம். “தோத்தா அவனுக்குச் சோறு இறங்காதே” என்றாள் ஆவுடை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கபடிச் செய்தியை எடுத்துவிட்டேன். இடமும் இல்லை, பொருளும் இல்லை.

எட்டே காலுக்கு ஞானதிரவியம் கூப்பிட்டான். அவன் கருங்காட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். நிருபர் வேலை பகுதி நேரம். அழுதானா மூச்சு வாங்கினானா என்று தெரியவில்லை.

“அண்ணாச்சி, விடியக்காலம் அஞ்சரைக்கு வந்தாவ. எழுவது எம்பது பேரு. அருவா, வேல்கம்பு, பெட்ரோல் கேனு. கீழத்தெருல முப்பத்தேழு வீடு எரிஞ்சு போச்சு. நாலு பேரு செத்துட்டாவ. ஒருத்தரு வாசல்ல நின்னு பல்லு விளக்கிட்டு இருந்திருக்காரு. கழுத்துல வெட்டிருக்கானுவ. வாயில வேப்பங்குச்சி அப்படியே இருக்கு அண்ணாச்சி.”

ஒரு கிழவரைக் கட்டிலோடு சேர்த்து எரித்திருக்கிறார்கள். தடுக்கக் கையை நீட்டிய பெண்ணின் முழங்கைக்குக் கீழே இல்லை. அந்தக் கையைத் தேடிக் கிணற்றடியில் கண்டெடுத்துச் சாக்கில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வளையல் உடையவில்லையாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து நேராகவே இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

“தாக்குதல்னு போடுங்க அண்ணாச்சி. இது மோதல் இல்ல. அவிய தூங்கிட்டு கிடந்தாவ.”

“அந்தப் பக்கம் யாருக்கும் காயம் உண்டா?”

“ஒருத்தனுக்கு இடது கை சுண்டுவிரல் போச்சு. கதவ வெட்டுதேன்னு சொந்த அருவாளயே கையில போட்டுக்கிட்டான்.”

“அப்போ ரெண்டு பக்கமும் காயம்.”

“நீங்க ஆசிரியரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தலைப்பு: கருங்காட்டில் இரு தரப்பினர் பயங்கர மோதல், 4 பேர் பலி, 37 வீடுகள் தீக்கிரை, இரு தரப்பிலும் காயம். கடைகளில் தொங்கவிடும் போஸ்டருக்கு ‘பயங்கர மோதல், 4 பேர் பலி’ போதும் என்றேன். ஒரே மணி நேரத்தில் எல்லாம் விற்றுப் போயிற்று. இரண்டாம் முறை அச்சடித்தோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சவ ஊர்வலத்தில் தடியடி. நாலு பாடைகளில் ஒன்று கீழே விழுந்து, பிணத்தின் மேலும் தடி விழுந்ததாக ஞானதிரவியம் சொன்னான். பதிலுக்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்தை எரித்தார்கள். நடத்துநர் பின்வாசல் வழியாகக் குதித்து இரண்டு காலும் ஒடிந்து கிடக்கிறார். ‘பதற்றம் நீடிப்பு’ என்று போட்டேன்.

காலை ஏழு மணிக்குப் பின்கதவு வழியாகப் பேச்சிமுத்து வந்தான். பனியனும் இடுப்பில் சாரமும்தான். சட்டை இல்லை. ஊரில் போலீஸ் ஆண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறதாம், ரெண்டு வாரம் இங்கே இருக்கிறேன் என்றான். இடது கையில் பெரிய கட்டு. தேங்காய் வெட்டும்போது பட்டுவிட்டதாம். ஆவுடை கட்டை மாற்றப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தவள் அடுப்பில் இட்லியை மறந்துவிட்டாள்.

என் வெள்ளைச் சட்டை ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். தோளில் பிடிக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

ஞானதிரவியம் அலுவலகத்துக்கே வந்தான். கண் இரண்டும் செக்கச் சிவப்பு. தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறிப் படுத்துக்கொண்டு பதினோரு படம் எடுத்திருக்கிறான். ஒரே ஒரு படத்தை மட்டும் என் முன்னால் வைத்தான்.

“இத நீங்களே பாருங்க அண்ணாச்சி. நான் ஒண்ணும் சொல்லல.”

எரியும் கூரை. முன்னால் கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவன். வலது கையில் அரிவாள். இடது கையைத் துண்டால் சுற்றியிருக்கிறான். முகம் பாதி இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

படம் தெளிவாக இல்லை என்றேன். அவன் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். மற்றப் படங்களும் நெகட்டிவும் ஸ்டூடியோவில் இருக்கின்றன, வேண்டுமென்றால் கேளுங்கள் என்றான். இந்தப் படத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனான். டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலைச் சாப்பாட்டில் பேச்சிமுத்து கேட்டான். “யாரோ படம் எடுத்திருக்கான்னு ஊருல பேசிக்கிடுதாவளே, உண்மையா அத்தான்?”

“எங்க நிருபர்தான். ஸ்டூடியோ ஞானதிரவியம். ஒண்ணும் தெளிவா விழல. நெகட்டிவ் அவன்கிட்டதான் கிடக்கு. கவலப்படாத.”

ஆவுடை இன்னும் இரண்டு இட்லி போட்டாள். சட்னியில் உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கொடியேற்றினார்கள். மிட்டாய் கடித்தது தப்பு. பல் உயிரை வாங்குகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

போலீஸ் இரண்டு வழக்குப் பதிவு செய்திருக்கிறது. மேலத்தெருவில் பதினொரு பேர், கீழத்தெருவில் பதினொரு பேர். தராசு பிடித்த மாதிரி. கீழத்தெருப் பதினொரு பேரில் மூன்று பேரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே கொண்டுபோனார்களாம். குளுக்கோஸ் ஊசி கையில் இருக்கும்போதே இழுத்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டரிடம் போனில் கேட்டேன். சிரித்தார். “என்ன சார், உங்க பேப்பர்லயே இரு தரப்பு மோதல்னுதான போட்டிருக்கு? மோதல்னா ரெண்டு தரப்பு வேணும்லா? ஒரு கையால எப்படி சார் தட்ட முடியும்?”

மேலத்தெருப் பட்டியலில் பேச்சிமுத்து பெயர் இல்லை. இதை ஆவுடையிடம் சொன்னேன். அவள் எழுந்து மாவரைக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

பத்து மணிக்கு, பக்கம் முடிக்கும் நெருக்கடியில், ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். புடைவை முந்தானையில் தீப்பட்ட ஓட்டை. பெயர் மாடத்தி. வேப்பங்குச்சியோடு வெட்டுப்பட்டவர் இவர் புருஷன். மகன் செல்லையா பதினொரு பேரில் ஒருவன். அப்பாவைத் தூக்கப் போனவன் முதுகில் இரண்டு வெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மடியிலிருந்து எங்கள் பதினொன்றாம் தேதி இதழை எடுத்து விரித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எந்த இடம் என்று யாரோ பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

“இந்தா இந்த எழுத்துத்தான்னு வக்கீல் சொன்னாரு. இத எழுதுனவுக யாருய்யா?”

“நான்தான்.”

“கோவப்பட்டு வரலய்யா. தெரிஞ்சுக்கிடத்தான் வந்தேன். நாங்க யாரோட மோதுனோம்? எம்புருசன் வாயில குச்சிய வச்சிக்கிட்டு யாரோடய்யா மோதுனாரு?”

சவரிராயன் சுவரில் ஏழாம் விதியைப் பார்த்தான். நான் அந்த அம்மாவிடம் இருபத்துநாலு வருஷத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பேருந்து, இரண்டு பேர், ரத்தத்தில் ஊறிய தலைப்பு. பொறுமையாகக் கேட்டார்.

“அந்த ரெண்டு பேருக்காவ எங்க நாலு பேரயும் மறைச்சிட்டியளா?”

தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். குடிக்காமல் பேப்பரைப் பழையபடியே மடித்துக்கொண்டு போனார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் மேல் என்று முதலில் நினைத்தேன். மேசையில் இருந்த பசைக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். சவரிராயன் குனிந்து பொறுக்கினான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நீதிமன்றச் செய்தி. மேலத்தெரு வக்கீல் எங்கள் இதழைத் தூக்கிக் காட்டி, ‘நடுநிலையான நாளிதழே இரு தரப்பு மோதல் என்கிறது, வன்கொடுமைச் சட்டம் எப்படிப் பொருந்தும்?’ என்று வாதாடினார். பதினொரு பேருக்கும் ஜாமீன். வெளியே வெடி போட்டார்கள்.

கீழத்தெரு ஆட்களுக்கு ஜாமீன் இல்லை. பிணையாளாக வந்தவர்கள் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும். ரசீது வீட்டோடு எரிந்துவிட்டது. செல்லையாவை ஜெயிலுக்குள் யாரோ அடித்ததில் முதுகுத் தையல் பிரிந்துவிட்டதாம். ஞானதிரவியம் இதையும் அனுப்பியிருந்தான். அதற்கு மேலே தனித்தாளில் ஒரு வரி: “அண்ணாச்சி, படம் என்ன ஆச்சு?”

நடுநிலையான நாளிதழ். இந்தச் சொல்லுக்காகத்தான் முப்பத்தோரு வருஷம் உழைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேச்சிமுத்து ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் போனான். வீடு அமைதியாக இருந்தது. நானும் ஆவுடையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் முருங்கைக்கீரை ஆய்ந்தோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஞானதிரவியத்தை வெட்டிவிட்டார்கள்.

காலை ஒன்பதரை மணி. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அவன் பின்பக்கமாகக் கடைத்தெருவுக்கு ஓடியிருக்கிறான். மருந்துக் கடை, பழக்கடை, டீக்கடை, மூன்றுக்குள்ளும் புக முயன்றான். மூன்று கடைக்காரர்களும் ஷட்டரை இழுத்துவிட்டார்கள். டீக்கடை ஷட்டரில் அவன் உள்ளங்கை ரத்தத்தில் பதிந்திருக்கிறது. பதினாறு வெட்டு. வலது கண்ணைத் தனியாகக் குத்தியிருக்கிறார்கள். படம் எடுக்கும் கண். பிறகு ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். நெகட்டிவ் எல்லாம் போயிற்று. முப்பத்துநாலு வயது. மனைவிக்கு ஏழாம் மாதம்.

பக்கம் முடிக்க ஒன்றரை மணி நேரம் இருந்தது. சவரிராயன் எழுதிக் கொண்டுவந்தான். ‘முன்விரோதம் காரணமாக மர்ம நபர்கள்’ என்று இருந்தது.

“முன்விரோதம்னா, யாருக்கும் யாருக்கும் சவரி?”

“தெரியலயே அண்ணாச்சி. வழக்கமா அப்படித்தான போடுவோம்.”

அப்படியே அச்சுக்குப் போக விட்டேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது பேச்சிமுத்து திரும்பி வந்திருந்தான். குளித்து, விபூதி பூசி, புதுச் சட்டை போட்டிருந்தான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அடக்கம் முடிந்தது. முகத்தைத் துணியால் மூடியே வைத்திருந்தார்கள். அவன் மனைவி என்னிடம் அவன் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அலுவலகத்துச் சொத்தாம். அதில் ஒரு ஓரத்தில் என் கையெழுத்து.

மதியம் வீட்டுக்குப் போனேன். பேச்சிமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கட்டு அவிழ்த்துவிட்ட கை தரையில் ஊன்றியிருந்தது. நாலு விரல். தட்டை எட்டி உதைத்தேன். சோறு சுவரில் அடித்தது. என் வாழ்நாளில் யார் மேலும் கை நீட்டியதில்லை. அவன் கன்னத்தில் அறைந்தேன், மறுபடியும் அறைந்தேன். உதடு கிழிந்தது. அவன் அசையவில்லை. வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக முறுக்கினான். எலும்பு சத்தம் போட்டது.

“என்ன அத்தான், இப்பத் துள்ளுதிய? நீங்கதான மோதல்னு போட்டிய? மோதல்னா ரெண்டு பக்கமும் அடிக்கணும்லா? படம் எடுத்தவன் யாருன்னு நான் கேட்டப்ப ஆறுதலாத்தான சொன்னிய? இப்ப என்ன புதுசா?”

ஆவுடை அடுக்களை வாசலில் நின்றிருந்தாள்.

“எந்திரில. வெளிய போ.”

“எக்கா...”

“தேங்கா வெட்டுனேன்னு சொன்ன. கட்ட அவுத்தா விரலே இல்ல. பதினஞ்சு நாளு உன் சீழக் கழுவுனேன். போயிரு. இனி இந்தப் படி ஏறுனன்னா நானே வெட்டிப்புடுவேன்.”

அவன் போன பிறகு சுவரில் ஒட்டிய சோற்றை அவள் சுரண்டினாள். “எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயப் பொத்திட்டுத்தான இருந்தோம்” என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

படத்தில் இருக்கும் கட்டம் போட்ட சட்டை, போன தீபாவளிக்கு நான் அவனுக்கு எடுத்துக் கொடுத்தது. பார்த்த நொடியிலேயே தெரியும். தொலைபேசியில் சுண்டுவிரல் என்று கேட்டபோது மட்டும் தெரியாது. அதற்கு மறுநாளிலிருந்து எல்லாம் தெரியும். இந்த டைரியிலும் பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

இரண்டாம் பக்கம், கீழே, ஒரு பத்தி, பெட்டிக்குள். பதினான்காம் விதி.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலை ஆறு மணிக்கே போய் நானே அச்சுக் கோத்தேன். சவரிராயன் வந்து வாசித்தான். நான் எழுதியது இது:

‘திருத்தம். ஆகஸ்ட் 11 இதழில் “இரு தரப்பினர் மோதல்” என்று வெளியானதை, “கீழத்தெரு மக்கள் மீது மேலத்தெருவினர் தாக்குதல்” என்று திருத்தி வாசிக்கவும். “இரு தரப்பிலும் காயம்” என்பதும் தவறு. தாக்கியவர்கள் தரப்பில் காயம், ஒரு விரல். அது அவருடைய சொந்த அரிவாளால் போனது. தாக்குதலின்போது எடுத்த படத்தில் இருக்கும் அவர் பெயர் பேச்சிமுத்து. இந்த இதழின் ஆசிரியர் குற்றாலிங்கத்தின் மைத்துனர். ஆகஸ்ட் 12 முதல் 26 வரை ஆசிரியர் வீட்டில் தங்கியிருந்தார். படம் எடுத்த நிருபர் ஞானதிரவியத்தின் பெயரை அவரிடம் சொன்னவர் ஆசிரியரே. தவறுகளுக்கு வருந்துகிறோம்.’

“அண்ணாச்சி, உங்க பேரயுமா?”

“பேரு தப்பா இருந்தாச் சொல்லு. திருத்துதேன்.”

“முதலாளிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவமா?”

“திருத்தத்துக்கு யாரயும் கேக்க வேண்டாம். பதினாலாம் விதியில ஆசிரியர் பொறுப்புன்னுதான் இருக்கு.”

போஸ்டருக்கு ஒரே ஒரு சொல் கொடுத்தேன். திருத்தம். ஊரில் எல்லாப் பெட்டிக்கடையிலும் அந்த ஒரு சொல் தொங்கியது. சினிமாப் பெயர் என்று சிலர் நினைத்தார்களாம். படத்தின் அசலைக் கீழத்தெரு வக்கீலிடம் நேரில் போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு முதலாளி கூப்பிட்டார். கடிகாரம் கிடையாது என்று முடிந்தது. மேசையைக் காலி செய்தேன். இரண்டு பேனா, ஒரு அகராதி, பல்வலி மாத்திரை.

செப்டம்பர் 6, சனி

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு வந்தார்கள். ஐந்து பேர். பேச்சிமுத்துதான் முன்னால். நான் முற்றத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். ‘எழுதுன கையக் காட்டுங்க அத்தான்’ என்றான். அதிலும் மரியாதை விடவில்லை. கருங்கல் படியில் கையை வைத்து அழுத்தினார்கள். முதல் வெட்டு தெரியவில்லை. இரண்டாவதில்தான் கத்தினேன். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. வாயில் கட்டையால் அடித்ததில் நாலு பல்லும் போயிற்று. கடைவாய்ப் பல்லும் அதில் ஒன்று. டாக்டருக்கு வேலை மிச்சம்.

அடுத்த வெட்டு கழுத்துக்கு வந்தது. ஆவுடை அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து தம்பியின் தோளில் போட்டாள். அவன் அலறிக்கொண்டு விழுந்தான். மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். முற்றம் முழுக்க ரத்தம். எதெது யாருடையது என்று சொல்ல முடியாது.

அவன் இதே ஆஸ்பத்திரியில், கீழ்மாடியில், போலீஸ் காவலில் இருக்கிறான். நேற்று முன்தினம் மாடத்தியின் மகனுக்கும் மற்றப் பத்துப் பேருக்கும் ஜாமீன் கிடைத்தது. பிணைக்கு ரசீதும் கேட்கவில்லையாம். வக்கீல் நீதிமன்றத்தில் அந்தப் பெட்டியை முழுவதும் வாசித்தாராம். மாடத்தி வந்து கட்டிலருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஞானதிரவியத்தின் மனைவி வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

இன்று சவரிராயன் வந்தான். ஆரஞ்சுப் பழமும் புதன்கிழமை இதழும் கொண்டுவந்தான். முதல் பக்கத்தில் என் செய்தி. எனக்குக் கண்ணாடி போட முடியவில்லை, மூக்கில் தையல். ஆவுடை வாங்கிச் சத்தமாக வாசித்தாள்.

“முன்னாள் ஆசிரியர் வீட்டில் இரு தரப்பினர் மோதல். இரு தரப்பிலும் காயம்.”

நிறுத்திவிட்டாள். சவரிராயன் தரையைப் பார்த்தான்.

“ஏழாம் விதிப்படிதான் அண்ணாச்சி போட்டேன். அக்கா வெட்டுனதுல அவருக்கும் தோளு பிளந்துட்டுல்லா. அக்கா மேலயும் கேஸு போட்டிருக்காவ. அதான்...”

ஒற்றுப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே அச்சாக எழுதியிருந்தான். அவனை என்னவென்று திட்டுவது?

ஆவுடை பேப்பரை மடித்தாள்.

“நாம மோதுனமாய்யா சவரி? நான் முருங்கைக்காயில்லா நறுக்கிட்டு இருந்தேன்.”

ஜூலையில் நான் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதித்தாள் இருக்கிறதா என்று சவரியிடம் கேட்டேன். சட்டைப் பையிலேயே வைத்திருந்தான், நாலாக மடித்து. வாங்கி ஆரஞ்சுப் பழத் தட்டின் மேல் விரித்து, இடது கையால் ஏழாம் விதியின் குறுக்கே கோடு போட்டேன். கோடு கோணலாகப் போய் எட்டாம் விதியையும் கொஞ்சம் தொட்டது. ஏழாவதைத்தான் அடித்தேன், எட்டாவது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“சரி அண்ணாச்சி” என்றான். “ஆனா கோட்டுக்கு அடியில இன்னும் வாசிக்க முடியுதே.”